கம்பெனியா, கராஜா, வீட்டு முற்றமா?

கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் ரயில், தெமோதரை நிலையத்தைத் தாண்டியதும் மலையைச் சுற்றி ஒரு வட்டமடித்து, அதே நிலையத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது. 1924இல் பதுளை வரை திறக்கப்பட்ட இந்தப் பாதையில், 44 அடி ஓடினால் ஓரடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது பொறியியலாளர்கள் வகுத்த வரம்பு. அந்த வரம்புக்குள் உயரத்தைக் குறைக்க வேறு வழி கிடைக்காததால்தான் இந்தச் சுற்று. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் காட்டியபோது பிறந்த யோசனை இது என்று இந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மோட்டார் வாகனங்கள் மீது அப்படி யாரும் இரக்கம் காட்டவில்லை. எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதி, 30 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் 800 மீற்றருக்கு மேல் கீழே போகிறது. தெமோதரையைச் சுற்றியுள்ள தோட்டப் பாதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: தார் போன இடத்தில் கல், கல் போன இடத்தில் பள்ளம், வளைவுக்கு வளைவு முதல் கியர். கொழும்பில் நிம்மதியாக ஓடிய கார் இங்கே வந்தால் பிரேக்கையும் கிளச்சையும் சீக்கிரம் தின்றுவிடும். எந்த வேலையைத் தானே செய்யலாம், எதைக் கம்பெனிக்கு விடலாம் என்ற கணக்கும் அதனால் இந்த மலையில் கொஞ்சம் வேறுபடுகிறது.

தெமோதரையில் ஏஜென்ட் கம்பெனி கிடையாது. சர்வீஸுக்குப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டும். பெரிய வேலை என்றால் கண்டி, கொழும்பு. கொழும்புக்குப் போய்வர 400 கிலோமீற்றருக்குக் குறையாது. பெற்றோல், இரண்டு நாள் கூலி இழப்பு, அங்கே தங்கும் செலவு, இவையெல்லாம் கம்பெனி தரும் பில்லில் வராது. ஆனாலும் போவதும் பணம்தான்.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடைப்பட்ட 2022இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டது. உதிரிப்பாகம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவது. அவற்றின் விலையும் அதே வேகத்தில் ஏறியது. ஐந்து வருடம் ஓடி, விற்று, புதிதாக எடுக்கலாம் என்று நினைத்திருந்தவர்கள் எல்லாம் பழைய ஆல்டோவையும் வேகன் ஆரையும் அக்வாவையும் கட்டிக் காக்க வேண்டியதாயிற்று. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கட்டிய சர்வீஸ் பில்லைப் பலர் வரிவரியாகப் படிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

அந்தப் படிப்பு நல்ல படிப்பு. ஏஜென்ட் பில் பொதுவாக மூன்று துண்டாக இருக்கும்: பார்ட்ஸ், லேபர், அப்புறம் ஏதாவது ஒரு பெயரில் இதர செலவு. லேபர் என்பது மெக்கானிக் உண்மையில் எத்தனை மணி நேரம் குனிந்து நின்றார் என்பதன் கணக்கு அல்ல. உலகம் முழுக்கப் பெரிய சர்வீஸ் நிலையங்களில் ஒவ்வொரு வேலைக்கும் கைநூலில் ஒரு நேரம் குறித்திருக்கும். வேலை அதில் பாதி நேரத்தில் முடிந்தாலும் குறித்த நேரத்துக்கே காசு. ஏர் ஃபில்டர் மாற்றுவது இதற்கு நல்ல உதாரணம். போனட்டைத் திறந்து, இரண்டு கிளிப்பைத் தள்ளி, பழையதை எடுத்துப் புதியதை வைக்க ஐந்து நிமிடம் போதும். கேபின் ஃபில்டர் டேஷ்போர்டின் கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கும் பெரும்பாலான ஜப்பான் கார்களில் ஸ்பானரே தேவையில்லை. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் பனிமூட்டத்தில் கண்ணாடி மங்கும்போது ஏசியைப் போட்டால்தான் தெளியும். கேபின் ஃபில்டர் அடைத்திருந்தால் காற்று வராது. அதைப் பார்த்துவிட்டு ஏசி மோட்டார் போய்விட்டது என்று பில் போட்ட கதைகளும் உண்டு.

மூன்றாவது துண்டில்தான் வேடிக்கை அதிகம். என்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனர், டயருக்கு நைட்ரஜன். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 வீதம் நைட்ரஜன்தான். மீதி 22 வீதத்துக்காக நான்கு டயருக்கும் காசு கொடுப்பது அவரவர் வசதி.

விலை ஏன் இப்படி என்ற கேள்வியை இந்தியாவில் ஒருவர் சும்மா கேட்டுவிட்டுப் போகவில்லை. 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் போனது: கார்க் கம்பெனிகள் உதிரிப்பாகத்தையும் பழுது கண்டறியும் கருவிகளையும் தங்கள் டீலர்களுக்கு மட்டும் கொடுத்து, வெளிக் கராஜ்களை ஒதுக்கிவைக்கின்றன என்று. மூன்று கம்பெனிகளில் தொடங்கிய விசாரணை விரிந்தது. 2014 ஓகஸ்ட் 25ஆம் திகதி வந்த தீர்ப்பில் 14 கம்பெனிகள் குற்றவாளிகள்; மொத்த அபராதம் 2,544 கோடி இந்திய ரூபா. டாட்டாவுக்கு 1,346 கோடி, மாருதி சுசுகிக்கு 471 கோடி, மஹிந்திராவுக்கு 292 கோடி. அதற்குப் பிறகு வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது என்பது வேறு விஷயம். ஆனால் ஊவாத் தோட்டங்களில் ஓடும் ஆல்டோவும் டிமோ பட்டாவும் பொலேரோவும் இந்தக் கம்பெனிகளின் வண்டிகள்தாம் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு அவ்வளவு தூரத்துச் சங்கதி இல்லை. அமெரிக்காவில் இதே சண்டை இன்னும் பழையது. தன் பார்ட்ஸையும் தன் சர்வீஸையும் வாங்கினால்தான் வாரண்டி என்று பொதுவாகக் கட்டுப்படுத்தக் கூடாது என்று அங்கே 1975லேயே சட்டம் வந்தது. மசாசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, கம்பெனிகள் பழுதுத் தகவல்களை வெளிக் கராஜ்களுக்கும் தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கம்பெனிப் பக்கமே போகக் கூடாது என்று முடிவுகட்டுவது அவசரம். சில வேலைகளில் கம்பெனி கேட்கும் விலை நியாயமானது. சிலவற்றில் இலவசமாகவே செய்கிறது. தகாட்டா கம்பெனியின் ஏர்பேக் சங்கதி பலருக்கு மறந்திருக்கும். உள்ளே இருக்கும் வெடிமருந்து வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், சின்ன விபத்திலும் உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உலகமெங்கும் சுமார் 10 கோடி ஏர்பேக் பகுதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் தகாட்டா திவாலானது. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பழைய கார் வைத்திருப்பவர் சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் இலங்கை ஏஜென்டிடமே கேட்கலாம். திரும்ப அழைக்கப்பட்ட குறையைச் சரிசெய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. 2025க்குப் பிறகு புதிதாக எடுத்தவர்களுக்கு வாரண்டி இருக்கும்வரை அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கணக்கு. லீசிங் போட்டவர்கள் அந்த ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசித்துவிட வேண்டும்.

மலையகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஆட்டோ ஓட்டுபவர் பிளக் கழற்றித் துடைப்பார், கிளச் கேபிள் அறுந்தால் வீதியோரத்திலேயே மாற்றுவார், பஞ்சர் ஒட்டுவார். அதே மனிதர் கொஞ்சம் காசு சேர்த்து ஒரு கார் எடுத்துவிட்டால் போனட்டைத் திறக்கவே பயப்படுவார். காரில் இருப்பவையும் நட்டும் போல்ட்டும்தான். எங்கே கை வைக்கலாம் என்று தெரிந்தால் போதும்.

ஒயில் மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். முதல் தேவை ஸ்பானர் அல்ல, சமதரை. லயத்துக்கு முன்னாலோ வீட்டு முற்றத்திலோ கார் நிற்கும் இடம் பெரும்பாலும் சரிவுதான். சரிவில் ஜாக்கி போட்டு அடியில் போவது உயிரோடு விளையாடுவது. கோயில் முன்றல், ஸ்டோர் முன்னால் உள்ள சிமெந்துத் தரை, தெரிந்தவர் கடை வாசல், எங்கேயாவது மட்டமான இடம் பார்த்து, டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்டில் காரை இறக்கி வைத்த பிறகுதான் கீழே போக வேண்டும். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் இந்த வேலை வேண்டாம். செங்கல்லையும் புளொக் கல்லையும் அடுக்கினால் அது ஸ்டாண்ட் ஆகாது. பாரம் ஏறினால் சொல்லாமல் உடையும்.

டொயோட்டா அக்வாவில் என்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஒயில் இளகிவிடும். அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டுக்கு 14 மில்லிமீற்றர் ஸ்பானர். கடைசிச் சுற்றைக் கையால் கழற்றும்போது போல்ட்டை மேலே அழுத்திப் பிடித்துச் சட்டென்று இழுத்தால் ஒயில் முழங்கை வரை வழியாது. போல்ட்டோடு வரும் வொஷரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போட வேண்டும். சில ரூபாவுக்கு வாங்கும் சாமான், இதில் சிக்கனம் பார்த்தால் தரையில் சொட்டும். அடுத்தது ஃபில்டர். கழற்றியதும் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பார்ப்பது கட்டாயம். என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் புதியதைப் போட்டதும் இரண்டு வளையமும் சேர்ந்து நழுவி, போகும் வழியில் ஒயில் முழுக்கக் கொட்டிவிடும். புதிய வளையத்தில் விரலால் கொஞ்சம் ஒயில் தடவி, கையால் இறுக்கி, தொட்ட பிறகு முக்கால் சுற்று. அதற்கு மேல் ஃபில்டருக்கு ஸ்பானர் வேண்டாம்.

அக்வாவுக்கு ஃபில்டரோடு மாற்றினால் சுமார் 3.7 லீற்றர் ஒயில் போகும். சந்தையில் கிடைப்பது 4 லீற்றர் கேன். சர்வீஸ் நிலையத்தில் 4 லீற்றருக்கு பில் போட்டால் மீதி ஒயில் எங்கே என்று கேட்பது அநாகரிகம் அல்ல. கேனை அப்படியே டிக்கியில் வைக்கச் சொன்னால் வைப்பார்கள். வீட்டில் செய்பவர் மூன்றரை ஊற்றிவிட்டு டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். பழைய ஒயிலை என்ன செய்வது? தெமோதரையின் ஓடைகளில் கலப்பது பதுலு ஓயாவில் போய்ச் சேரும், அங்கிருந்து மகாவலிக்கு. அதே கேனில் மூடி வைத்து சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும்.

பெட்டரி, வைப்பர், பல்பு, பிளக் ஆகியவையும் முற்றத்து வேலைதான். ஒரு சின்ன வோல்ட் மீற்றர் வாங்கி வைப்பது நல்லது. இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பெட்டரி நிறைவாக இருக்கிறது, 12.2க்குக் கீழே போனால் பாதிதான். என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஹப்புத்தளைக் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகாத கார்களில் பலவற்றுக்குத் தேவை புது ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதையொட்டித்தான். பின்பக்கம் இருக்கும் சின்ன 12 வோல்ட் பெட்டரி பலவீனமானாலே டேஷ்போர்ட் முழுக்க விளக்குகள் தீபாவளிக்குப் போட்டதுபோல எரியும். அதைக் காட்டி, ஹைபிரிட் பெட்டரி முடிந்துவிட்டது, பல லட்சம் ஆகும் என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்கேனில் பி0ஏ80 என்று கோட் வந்தால் பெரிய பெட்டரியில் உண்மையிலேயே கோளாறு இருக்கலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது பின் சீட் ஓரத்தில் இருக்கும் காற்றுத் துளை. பெட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் அங்கிருந்துதான் காற்று இழுக்கிறது. தோட்டப் பாதைத் தூசியும், அந்தத் துளையை மறைத்து வைத்த அரிசி மூட்டையும் சேர்ந்தால் பெட்டரி சூடேறி ஆயுள் குறையும். துளையின் ஃபில்டரைச் சுத்தம் செய்வது வீட்டு வேலை. அதற்கு அப்பால் ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அக்வாவின் பெட்டரி 144 வோல்ட், பிரியஸின் பெட்டரி 201.6 வோல்ட், இரண்டுமே ஆளைக் கொல்லும்.

ஸ்கேன் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் மட்டத்தில், 16 பின் கொண்ட ஓபிடி சொக்கெட் ஒன்று இருக்கும். அதில் செருகும் புளூடூத் கருவியும் ஒரு கைபேசிச் செயலியும் இருந்தால் கோட்டைப் படித்துவிடலாம். கோட் சொல்வது எங்கே தேட வேண்டும் என்பதைத்தான், எதை மாற்ற வேண்டும் என்பதை அல்ல. பி0420 வந்தால் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வேர்ட்டரை மாற்றச் சொல்வார்கள். அது மிக விலை கூடிய சாமான். ஒக்சிஜன் சென்சார் கெட்டாலும், புகைக்குழாயில் கசிவு இருந்தாலும் அதே கோட் வரலாம். என்ஜின் கம்பியூட்டரையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், போனட்டுக்குள் எலி கடித்த வயர் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம். தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை.

பிரேக் விஷயத்தில் மட்டும் இந்த அத்தியாயம் கம்பெனிப் பக்கம் சாய்கிறது. கம்பெனி இல்லாவிட்டால் நல்ல கராஜ் பக்கம். பேட் எவ்வளவு இருக்கிறது என்று டயர் ரிம்மின் இடைவெளி வழியாக யாரும் பார்க்கலாம்: 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டிய நேரம். ஆனால் பிரேக் ஒயில் வேறு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு அது 140 பாகைக்கு இறங்கலாம். எல்லயிலிருந்து வெல்லவாய வரை பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். ஒயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது பொதுவான வழக்கம். இந்த மலையில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. மாற்றும்போது குழாயில் காற்று நிற்காமல் எடுக்க வேண்டும். ஹைபிரிட்டுகளில் அதற்கு ஸ்கேன் கருவியே தேவைப்படும். இறக்கத்தில் கீழ் கியர், ஹைபிரிட்டில் பி (B) நிலை, இவை இரண்டும் இலவசம்.

ஏர்பேக்கின் மஞ்சள் சொக்கெட்டுகள், ஸ்டியரிங் மூட்டுகள், சிவிடி கியர் ஒயில், இவையும் பழகாத கைக்கு வேண்டாம். சிவிடிக்குள் தப்பான ஒயிலை ஊற்றினால் கியர்பொக்ஸே போய்விடும். ஹொண்டாவுக்கு எச்சிஎஃப்-2 என்றால் அதேதான். அதைப் போன்றது என்று கடைக்காரர் நீட்டுவது உதவாது.

நல்ல கராஜை எப்படிக் கண்டுபிடிப்பது? பேச்சிலேயே தெரிந்துவிடும்.

“அண்ணே, பேட் முடிஞ்சிருச்சு. டிஸ்க்கும் சேத்து மாத்திருவமா?”

“கழட்டி அளந்து காட்டுங்க பாஸ். பாத்துட்டுச் சொல்றேன்.”

டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து காட்டும் பாஸ் நல்ல பாஸ். “எங்களுக்குத் தெரியாதா?” என்று முறைப்பவரிடம் அந்த ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாமான் வாங்குவதில் மூன்று நான்கு படிகள் உண்டு: கம்பெனிப் பெட்டியில் வரும் ஜெனுவின், அதே பாகத்தைச் செய்யும் தொழிற்சாலை தன் பெயரில் விற்பது, ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழையது, கடைசியில் கொப்பி. டொயோட்டாவுக்குப் பல பாகங்களைச் செய்துகொடுக்கும் டென்சோவும் ஐசினும் தங்கள் பெட்டியில் விற்கும்போது விலை பெரும்பாலும் குறைவு, பொருள் ஒன்றுதான். கழற்றிய பழைய பாகத்துக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தை பேர்போனது. கதவு, கண்ணாடி, ஹெட்லைட், பம்பர் என்றால் அங்கே தாராளமாக வாங்கலாம். பிரேக், டயர், ஏர்பேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது தப்பான சிக்கனம். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட பார்ட் நம்பரைச் சொல்லிக் கேட்பது நல்லது. டொயோட்டாவின் இரும்புக்குடுவை ஒயில் ஃபில்டர் என்றால் நம்பர் 90915 என்று தொடங்கும். மீதி எண்கள் மொடலுக்கு ஏற்ப மாறும். பழைய ஃபில்டரைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்கினால் தவறாது.

கம்பெனியோ கராஜோ, வண்டியை விடும்போது மூன்று வார்த்தை சொல்லிவிட வேண்டும்: கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது, கழற்றிய பழைய பாகம் திரும்ப வேண்டும், பில் வேண்டும். பழைய பாகம் கைக்கு வந்தால்தான் மாற்றினார்களா, மாற்ற வேண்டியிருந்ததா என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கும். கணக்கில் கோளாறு இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கிய அல்லது சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். அத்தோடு பில்லின் பிரதியும் பழைய பாகத்தின் படமும் வைத்தால் வேலை சுலபம். படம் எடுக்கும்போது அதன் மேல் இருக்கும் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும்.